ஓடைக்கு வடக்கு

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்த பிள்ளைகள் நாலு. மூன்று நான் பெற்றவை, ஒன்று தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. எது எது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, அப்படி வளர்த்தேன். வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனி வேலையைப் பற்றி.

போன மாதம் திண்டுக்கல் பூ மார்க்கெட் வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் நரியூத்துப்பட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் கிராம உதவியாளராம். பட்டப்படிப்பு முடித்த பிள்ளை.

“வெள்ளையம்மா அம்மா நீங்கதான? தாலுகா ஆபீஸ் பீரோவுல உங்க கடுதாசி ஒண்ணு இருக்கு. புதுசா வாரவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுறாங்க. அதுல ‘வாசிக்கவில்லை’ங்கிறதை ‘வாசீக்கவிலை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“வெலை போட்டு எழுதியிருக்கேன்ல, வித்துற வேண்டியதுதான? எதுக்கு பீரோவுல வச்சுப் பூட்டுறாக?”

அவள் சிரித்துவிட்டு, “இப்ப மறுபடியும் ஊரை டவுனோட சேக்கப் போறதாப் பேச்சு வந்திருக்கும்மா. அப்ப என்னதான் நடந்துச்சு? பெரிய ரகளைன்னு சொல்றாங்க” என்றாள்.

ரகளையெல்லாம் இல்லை. நாலு சொல்லில் வால் விட்டுப்போனது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு பஸ் வந்துவிட்டது. நின்று சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது உட்கார்ந்து சொல்கிறேன். என் பேத்தி கயல் எழுதுகிறாள். கை அவளுடையது, வாய் என்னுடையது.

கிராம உதவியாளர் என்றால் ஊரில் தலையாரி என்பார்கள். என் வீட்டுக்காரர்தான் தலையாரியாக இருந்தார். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டதால் வாரிசு வேலை எனக்கு வந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தாலுகா ஆபீசில் செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டி ஒரு வரியை நான் முடிப்பதற்குள் அந்த அதிகாரி டீ குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்துவிட்டார். அடுத்துக் கையெழுத்து. ‘வெள்ளையம்மாள்’ என்பதில் அந்த ‘ள்ளை’க்கு மட்டும் நான் பத்து நாள் சிலேட்டில் பாடுபட்டிருந்தேன். போட்டுக் காட்டினேன். எனக்காகத் திறந்து வைத்திருந்த மைப்பெட்டியை அவர் ‘டப்’ என்று மூடினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு என் பெருவிரலில் யாரும் மை தடவியதில்லை.

வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடந்தேன். சர்வேயர் வந்தால் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தேர்தல் வந்தால் பெட்டிக்குக் காவல் இருந்தேன். யாருக்காவது நோட்டீஸ் வந்தால் வீடு தேடிப்போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதை ஆபீசில் ‘சார்வு செய்வது’ என்பார்கள். ஊருக்கே பொதுவான நோட்டீஸ் என்றால் பலர் பார்க்கும் இடங்களில் ஒட்ட வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும்.

ஒட்டுவதிலேயே முதலில் அடி வாங்கினேன். கண்மாய்க்கரைப் புளியமரங்களை ஏலம் விடுகிற நோட்டீஸ். மைதா மாவில் பசை கிண்டி, ஊராட்சி ஆபீஸ் சுவரில் அழகாக ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் சுவர்தான் இருக்கிறது. ஏலத்துக்கு வராதவர்கள் எல்லாம் கூடிக்கொண்டு, “நோட்டீஸே ஒட்டலை” என்று தகராறு. ஒட்டியதற்குச் சாட்சி ஒரே ஒரு வெள்ளாடு; அதுதான் தின்றது. அன்றிலிருந்து பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிண்டினேன். ஆடு மோந்து பார்க்கும், தும்மும், போய்விடும்.

வாயால் சொல்வதற்கு வேறு வழி வைத்திருந்தேன். தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். கேட்டுக்கொண்டே மனசுக்குள் நடப்பேன். வடக்கு என்றால் வடக்கே போவேன், கிழக்கே வேப்பமரம் என்றால் அந்த மரத்தடியில் போய் நிற்பேன். ஒரு சுற்று நடந்துவிட்டால் மறக்காது. ஊரின் புல எண் அத்தனையும் எனக்கு அப்படித்தான் மனப்பாடம். படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டித் தேடுகிற நேரத்தில் நான் காலால் தேடி எடுத்துவிடுவேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தக் கர்வம்தான் பின்னால் என் காலை வாரியது.

எனக்கு மேலே இருந்தவர் வி.ஏ.ஓ. சுந்தரமூர்த்தி ஐயா. கடைசி எட்டு வருஷமும் அவரோடுதான். சத்தம் போடவே மாட்டார். எந்தத் தாள் வந்தாலும் மூன்று தடவை வாசிப்பார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது உதடு மட்டும் அசையும். பிறகு பேனா மூடியைத் திறந்து, எழுதி, மூடியைத் திரும்பப் போட்டு ‘க்ளிக்’ என்று கேட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சத்தம் வராத வரைக்கும் யாரும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கூடாது.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். “எழுத்துல இருக்கா?” கண்மாயில் ஆக்கிரமிப்பு என்று போய்ச் சொன்னாலும் அதேதான். “ஐயா, வெளியில மழை” என்றாலும் அதேதான் கேட்பாரோ என்று எங்களுக்கு பயம். ஒரு தடவை எல்லைக்கல் ஒன்று காணாமல் போய், அது ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். “அது எல்லைக்கல்லுதான்னு எழுத்துல இருக்கா வெள்ளையம்மா?” என்றார். கையோடு அழைத்துப்போய், சோப்பு நுரையோடு இருந்த கல்லைப் புரட்டிப் போட்டேன். அடியில் சர்வேக்காரர்கள் கொத்திய அம்புக்குறி. “இருக்குங்கய்யா. கல்லுலயே இருக்கு.” அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு டவுன். பெயர் வேண்டாம். தவறு செய்த கை எது என்று இன்றுவரை தெரியாது. தெரியாத கைக்கு ஊர்ப் பெயர் எதற்கு? ஊருக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஓடை. ஓடைக்கு வடக்கே பழைய சோளக்காடெல்லாம் பிளாட் ஆகி, மாடி வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடியிருப்பவர்களுக்குச் சாக்கடை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், டவுனோடு சேர வேண்டும் என்று ஆசை. ஓடைக்குத் தெற்கே சின்னக்களம் என்ற உட்கடை கிராமம். மல்லி, செவ்வந்தி, கோழிக்கொண்டை என்று பூப்போட்டுப் பிழைப்பவர்கள். அவர்களுக்கு டவுன் வேண்டாம். காரணம் நூறு நாள் வேலை. அது கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். டவுனோடு சேர்ந்த மறுநாள் அட்டை செல்லாது. சின்னக்களத்துப் பேச்சியின் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். பூ இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த அட்டையால்தான்.

ஒரு டவுன் பக்கத்து ஊர் மண்ணைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு முறை இருக்கிறது. இன்ன பகுதியைச் சேர்க்க உத்தேசம் என்று முதலில் அறிவிக்க வேண்டும். அதில் நாலு எல்லையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறிவிப்பை அங்கே குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டி, வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கக் கெடு கொடுக்க வேண்டும். வந்த ஆட்சேபணையைக் கேட்ட பிறகுதான் முடிவான ஆணை. ஐயா இதை எனக்குச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்: “சொல்லணும், கேக்கணும், அப்புறம்தான் எடுக்கணும்.” இதில் அந்தச் ‘சொல்லணும்’ என்னுடைய வேலை.

கிராம சபையில் தீர்மானம் போட்டபோது நானும் இருந்தேன். பேச்சி எழுந்து, “வடக்க போறவுக நல்லாப் போகட்டும். ஓடை தாண்டி எங்க பக்கம் ஒரு செங்கல்லு வரக்கூடாது. அப்பிடின்னாத்தான் கையத் தூக்குவேன்” என்றாள். அப்படியே எழுதினார்கள். எப்படி எழுதினார்கள் என்பதுதான் இந்தக் கதையே. நிலப் பத்திரத்தில் எழுதுகிற பழைய முறையில் எழுதினார்கள்:

‘ஓடைக்கு வடக்கு, ஊர் எல்லைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, தார் ரோட்டுக்கு மேற்கு. இந்த நாலெல்லைக்குள் பட்ட பகுதி.’

அதாவது, ஓடைக்கு வடக்கே இருக்கிறது நிலம். நிலத்துக்குத் தெற்கே இருக்கிறது ஓடை. எங்கள் பக்கத்தில் பத்திரம் பார்த்துப் பழகிய யாருக்கும் இது தண்ணீர் பட்ட பாடு. வாசித்துக் காட்டியபோது நான் வழக்கம்போல மனசுக்குள் ஒரு சுற்று நடந்து முடித்தேன். பேச்சி கையைத் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள்.

நாலு மாதம் கழித்து அறிவிப்பு அச்சாகி வந்தது. சித்தையன்கோட்டையிலிருந்து மைக் ஆட்டோ பிடித்தோம். நான் அன்றைக்குப் பசை கிண்டுகிற அவசரத்தில் தாளை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தீர்மானம்தான் எனக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே. ஆட்டோவில் ஏறி, “ஓடைக்கு வடக்கு, ஊர் எல்லைக்குத் தெற்கு” என்று கணீரென்று சொல்லிக்கொண்டே வடக்குப் பக்கம் முழுக்கச் சுற்றினேன். ஊராட்சி ஆபீசிலும் ரேஷன் கடையிலும் டீக்கடைச் சுவரிலும் தாளை ஒட்டினேன். ஓடைப் பாலம் வந்ததும் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். சின்னக்களத்துக்குத்தான் இதில் சம்பந்தமில்லையே.

மறுநாள் ஐயா ஒரு தாளை நீட்டினார். ‘மேற்படி அறிவிப்பை வரி விடாமல் வாசித்தும், எல்லாக் குடியிருப்புகளிலும் ஒட்டியும் சார்வு செய்தேன்’ என்று அதில் இருந்ததாம். “போட்டுடும்மா” என்றார். ‘வெள்ளையம்மாள்’ என்று போட்டேன். கீழே அவரும் போட்டார். க்ளிக்.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது டீக்கடை செல்வம் என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு நான் மதினி முறை.

“மதினி, வண்டிப்பாதைய எப்ப தூக்கிக் கெழக்கால வச்சீக?”

“ஏன்டா, காலையிலயே ஏத்திக்கிட்டியா?”

“நான் ஏத்தல. நீங்க ஒட்டுன தாளுதான் ஏத்திக்கிட்டுச் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. அம்புட்டு நாளா கண்ணுக்கு எதுக்கவே இருக்கு, இன்னைக்குத்தான் சும்மா இருந்தேன்னு வாசிச்சேன். கேளுங்க.” பால் கரண்டியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வாசித்தான். “வடக்கு, ஓடை. தெற்கு, ஊர் எல்லை. கிழக்கு, வண்டிப்பாதை. மேற்கு, தார் ரோடு.”

நான் மனசுக்குள் நடந்தேன். வடக்கே ஓடை இருக்கிறது என்றால் நான் ஓடைக்குத் தெற்கே நிற்கிறேன். தெற்கே ஊர் எல்லை. எங்கள் ஊருக்கு வடக்கேயும் எல்லை உண்டு, தெற்கேயும் உண்டு. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? சின்னக்களம் இருக்கிறது. பேச்சியின் செவ்வந்தி இருக்கிறது. 

யாரோ, எந்த ஆபீசிலோ, கட்டம் கட்டி டைப் அடித்தவர்கள் ‘ஓடைக்கு வடக்கு’ என்பதை ‘வடக்கு: ஓடை’ என்று ஆக்கிவிட்டார்கள். நாலு வரியிலும் நாலு ‘க்கு’ போய்விட்டது. அதோடு ஊரும் தலைகீழாகப் புரண்டுவிட்டது.

பஸ்ஸுக்காகப் பூக்கூடையோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள் பேச்சி. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப எங்க பக்கம் போகுதாக்கா?”

“தாள்ல அப்பிடி இருக்குத்தா.”

“நீ மைக்குல சொன்னது ஓடை தாண்டி எங்க காதுக்கே கேட்டுச்சே. ஓடைக்கு வடக்கன்னுதான சொன்ன? தாளு என்னமும் இருக்கட்டும், வெள்ளையம்மாக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நாங்க யாருமே ஒட்டுனதை வந்து பாக்கல.” கூடையை இடுப்பில் வைத்தாள். “அட்டை போச்சுன்னா அந்த மனுசனுக்கு நான் என்னத்தப் பொங்கிப் போட?”

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். பூ வாடிவிடும் அல்லவா. நான் நேராக ஐயாவிடம் போனேன்.

அவர் தாளை வாங்கி மூன்று தடவை வாசித்தார். “மேல இருந்து அச்சாகி வந்தது, வெள்ளையம்மா. அதுல எப்படித் தப்பு இருக்கும்?”

“செத்த நேரம் எங்கூட நடந்து வாங்கய்யா. தப்பு இல்லன்னா நானே திரும்பி வந்துர்றேன்.”

குடையை எடுத்துக்கொண்டு வந்தார். ஓடைப் பாலத்தில் நின்று தாளைப் பார்த்தார். “வடக்கு, ஓடை. சரி. அப்ப நாம தெக்கால நிக்கணும்.” தெற்கே இறங்கினோம். “கிழக்கு, வண்டிப்பாதை” என்று வாசித்துக்கொண்டே கிழக்கே நடந்தார். வரப்பு, செவ்வந்தி, கிணறு, மறுபடி வரப்பு. கடைசியில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தார் ரோடு.

“இது தார் ரோடு” என்றார்.

“ஆமாங்கய்யா. தாள்ல இது மேற்கால இருக்கு.”

மேற்கே திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, தூரத்தில் வண்டிப்பாதையைப் பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார். மெதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். “இப்படிப் பிடிச்சா எல்லாம் சரியா இருக்கு” என்றார். அந்த வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடையை மடக்கி வரப்பில் உட்கார்ந்தார்.

“வடக்கு தெற்கை மட்டும் பாத்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. சின்னக்களத்துக்கு அச்சாப் பொருந்துது. கிழக்கு மேற்கைப் பாத்தாத்தான் இப்படி ஒரு நிலமே ஊர்ல இல்லைன்னு தெரியுது. புல எண் பட்டியல் பின்னால தயார் பண்ணுவாங்க. தயார் பண்றவன் ஓடையைத்தான் பாப்பான்.”

“திருத்தச் சொல்லி எழுதுங்கய்யா.”

“எழுதலாம். அது மேல போய், கீழ வர மாசக்கணக்காகும். கெடு ஒன்பது நாள்ல முடிஞ்சிரும். சின்னக்களத்துக்காரங்க ஆட்சேபணை குடுக்கட்டும், வாங்கி அனுப்புறேன். ஆனா அங்க என்ன சொல்வாங்க? ‘உங்க ஊர்லயே தீர்மானம் போட்டீங்க. வரி விடாம வாசிச்சாங்க, எல்லா இடத்துலயும் ஒட்டினாங்க. இத்தனை நாள் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் வாரீங்க’ம்பாங்க.” தாளை நாலாக மடித்தார். “ஒரு வழி இருக்கு. சொல்லவேண்டிய முறையில சொல்லலைன்னா, அறிவிப்பே செல்லாது. மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கெடுவும் புதுசா. ஆனா முறைப்படி சொல்லலைன்னு யாரு சொல்றது?”

என் முகத்தைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. முறைப்படி சார்வு செய்ததாகச் சொல்கிற தாளில் இருப்பது என் ‘ள்ளை’.

“உனக்கு ரிட்டையர் ஆக மூணு மாசம் இருக்கு” என்றார். “மெமோ வரும். விசாரணை நிலுவைல இருக்குன்னு ஓய்வு ஆணையையே நிறுத்தி வைப்பாங்க. நான் உன்னைச் செய்னு சொல்லல.”

என்னுடைய சார்வு செல்லாது என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொன்னதில்லை. ஆடு தின்றதைத் தவிர. அதை நானே என் கையால் சொல்வதா என்று இருந்தது. மெமோவுக்குக்கூட அவ்வளவு பயம் இல்லை. வாசிக்கத் தெரியாதவள் வாசித்ததாகக் கையெழுத்துப் போட்டாள் என்று தாலுகா முழுக்கப் பேசுவார்களே, அந்த மைப்பெட்டியைத் திரும்பத் திறந்து வைத்த மாதிரி ஆகுமே என்றுதான் பயம். ஆனால் பேச்சி தாளை நம்பாமல் என் வாயை நம்பினாள். அவள் நம்பியதே அவளுக்கு வினையாக முடிந்தால், நான் மிச்ச நாளெல்லாம் அந்தப் பாலத்தை எப்படித் தாண்டிப் போவேன்?

“ஆபீசுக்குப் போவோம். எனக்கு ஒரு வெள்ளைத்தாள் குடுங்கய்யா.”

“நான் எழுதுறேன், நீ கையெழுத்து மட்டும் போடு.”

“அப்பிடிப் போட்டுத்தான இங்க வந்து நிக்கிறேன்” என்றேன்.

எழுத ஒரு மணி நேரம் ஆனது. என் பேரைத் தாண்டி நான் எழுதிய முதல் கடுதாசி அதுதான். ஐயா எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூடச் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. எழுதியது இதுதான்:

‘மைக்கில நான் சொன்னது வேற. தாள்ல இருந்தது வேற. தாளை நான் வாசீக்கவிலை. சின்னக்களத்தில ஒட்டவும் இல்ல. வெள்ளையம்மாள்.’

அவர் மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை உதடு அசைந்தது. சிவப்புப் பேனா பக்கத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. தன் பேனா மூடியைத் திறந்து, என் எழுத்துக்குக் கீழே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்: ‘நானும் சரிபார்க்காமல் மேலொப்பம் இட்டேன்.’

“ஐயா, உங்களுக்கு எதுக்குங்க இது?”

“எழுத்துல இருக்கட்டும்” என்றார். க்ளிக்.

அன்றைக்கே சின்னக்களத்துக்காரர்களின் ஆட்சேபணையையும் சேர்த்துக் கட்டி, தபாலில் போடாமல், தானே பஸ் ஏறிக் கொண்டுபோனார்.

மெமோ வந்தது. பதில் எழுதினேன், இந்தத் தடவை முக்கால் மணி நேரம்தான் ஆனது. விசாரணையில் தாசில்தார் அம்மா கேட்டார்கள், “உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?”

“எழுத்துக் கூட்டி வாசிப்பேனுங்கம்மா. நேரமாகும்.”

“அப்ப அன்னைக்கு ஏன் வாசிக்கல?”

“வாசிக்காமலே எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேனுங்கம்மா.”

அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ‘எச்சரிக்கை செய்யப்பட்டது’ என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது. ஓய்வு ஆணையும் தள்ளித்தான் வந்தது. அந்த ஒரு வரியைத் தவிர என் புத்தகத்தில் கறுப்பு இல்லை. அதை யாரும் அழித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பேன்.

பழைய அறிவிப்பை ரத்து செய்து, புதிய அறிவிப்பு வந்தது. நான் வேலையை விட்டு இறங்குவதற்குப் பத்து நாள் முன்னால். நாலு ‘க்கு’வும் இருக்கின்றனவா என்று ஐயா விரலை வைத்து எண்ணிக் காட்டினார். அதே மைக் ஆட்டோ. இந்தத் தடவை ஓடைப் பாலத்தை முதலில் தாண்டச் சொன்னேன். சின்னக்களம் மந்தைத் திடலில் ஆட்டோவை நிறுத்தி, தாளைக் கையில் பிடித்து, எழுத்துக் கூட்டி, வரி விடாமல் வாசித்தேன். ‘அறிவிப்பு’ என்ற முதல் சொல்லுக்கே ஆட்டோக்காரர் பெருமூச்சு விட்டார். இரண்டாவது பத்தியில் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆனால் ஒருத்தர்கூட நகரவில்லை. நாலெல்லைக்கு வந்தேன்.

“ஓ… டை…”

அதோடு மூச்சு வாங்க நிறுத்தினேன். மந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேச்சிக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லித் தொலைக்கா! எனக்கு உசுரு போய் உசுரு வருது!”

“…க்கு” என்றேன்.

அவள் நாக்கை மடித்து ஒரு சீட்டி அடித்தாள் பாருங்கள், ஆட்டோக்காரர் முழித்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அதன் பிறகு ‘எல்லைக்கு’, ‘பாதைக்கு’, ‘ரோட்டுக்கு’ என்று ஒவ்வொரு ‘க்கு’வுக்கும் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். அரசாங்க அறிவிப்புக்கு அப்படி ஒரு வரவேற்பு எந்த ஊரிலும் இருந்திருக்காது. வாசித்து முடித்ததும் அங்கேயே வேப்பமரத்தடிச் சுவரில் ஒட்டினேன். மயில்துத்தம் அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தேன்.

வடக்குப் பக்கம் டவுனோடு சேர்ந்தது. அவர்களுக்குச் சாக்கடை வந்தது, விளக்கு வந்தது. வரியும் வந்தது, அதைப் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சின்னக்களம் ஊராட்சியிலேயே இருக்கிறது. பேச்சியின் புருஷன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஐயா ஓய்வு பெற்று எரியோட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் பண்ணி உடம்பு எப்படி என்று கேட்டால், “டாக்டர் எழுத்துல குடுத்திருக்கார், நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார்.

இப்போது மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. சின்னக்களத்தையும் சேர்க்கப் போகிறார்களாம். அங்கேயும் இளவட்டங்கள் சிலர் சேரட்டும் என்கிறார்கள். சேர்க்க வேண்டும் என்றால் சேர்க்கட்டும். டவுன் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு, எடுக்கட்டும். அந்தப் புதுப் பிள்ளைக்கு நான் சொல்வதும் அதுதான். நீ என்னைவிடப் படித்தவள், ஒரு பார்வையில் முழுத்தாளையும் வாசித்துவிடுவாய். அதனால்தான் பயமாக இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு ஒரு தடவை நாலெல்லையும் நடந்துவிட்டு வா. கால் வலித்தால் என் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போ.

போதும், கயல். பேனாவை வை. இப்போது முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி. வேகமாக ஓடாதே; திசை வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி வாசி. நான் கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடந்து வருகிறேன். எங்கேயாவது எனக்குக் கால் தட்டினால் அங்கே ஒரு ‘க்கு’வை நீ விட்டிருக்கிறாய்.